தந்தையர் நிலம்



அமெரிக்காவின் வர்ஜீனியா மலைகளில் 1935-இல் ஷெனன்டோவா தேசியப் பூங்கா அமைந்தது. 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநில அரசு நிலங்களைக் கையகப்படுத்த, ஏறத்தாழ 500 குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. நிலவுரிமை உள்ளோர் விலை பெற்றனர். குத்தகைக்கு உழுதோர் பலர் வெறுங்கையராய் இறங்கினர்.

ஏக்கர்க் கணக்கோடு ஆவணம் நின்றுவிடுகிறது. கடைசியாக அணைந்த அடுப்பை வரலாற்றுப் புதினமே நமக்குக் காட்டவல்லது. ஆதலின் இத்தகைய கதைகளை நம் இல்லங்களில் வாசிப்பது நன்று.

ஆகாபு தன் விருப்பத்துக்காக நாபோத்தின் தோட்டத்தைக் கேட்டான். இங்கே கேட்டது பொதுநலன். காடும் செழித்தது. ஆயினும் பொதுநன்மையின் விலையை ஏழையர் மட்டுமே செலுத்துவது நீதியாகாது.

அக்காட்டினுள் அவர்தம் குடும்பக் கல்லறைகள் இன்றும் உள்ளன. உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதமாகிய நவம்பரில் நம் முன்னோர்க்காக மன்றாடும்போது, மண்ணிழந்த அம்மக்களையும் நினைவுகூர்வோமாக.