பூச்சி வளர்க்கிற பிள்ளையைத் திட்டாதீங்க, கலருக்குக் காசு கொடுக்காதீங்க

1/ "டாக்டர், பையன் டப்பாவுல கலர் கலரா ஏதோ பூச்சி வளர்க்கணும்னு அடம் பிடிக்கிறான். நோய் ஏதாவது வருமா?" சின்ன காஞ்சிபுரத்து அம்மா ஒருத்தர் ஓபியில் கேட்டது. பையன் ரீல்ஸ்ல பார்த்தது ஐசோபாட். பலருக்கும் உதவும்னு இங்கே எழுதுறேன்.

2/ இது நமக்குப் புதுசு இல்ல. ஈரமான பூந்தொட்டியை நகர்த்தினா சாம்பல் நிறத்தில் ஓடுமே, அந்தக் குடும்பம்தான். சிலது தொட்டா உருண்டுக்கும். உண்மையில் இது பூச்சியே இல்ல. இறால், நண்டுக்குச் சொந்தம். செவுள் மாதிரி உறுப்பால் மூச்சு விடும். அதனால ஈரம் காய்ஞ்சா செத்துடும். தாய் தன் முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமக்கும்.

3/ நோய்? கொட்டாது, ரத்தம் குடிக்காது. மனிதருக்கு நோய் பரப்புவதாகவும் அறியப்படவில்லை. மண்ணைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவினா போதும்.

4/ எனக்குப் பயம் வேற இடத்துல. "ஐயோ பூச்சி"ன்னு வாங்கி வைக்கிற மருந்து. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வச்ச பூச்சிமருந்தைக் குடிச்ச குழந்தைகளை டூட்டியில் பார்த்திருக்கேன். ஐசோபாட்டால் பாதிக்கப்பட்டு ஒரு குழந்தைகூட வந்ததில்லை.

5/ இப்போ கலர். ஆரஞ்சு, வெள்ளை எல்லாம் பெரும்பாலும் மரபணு மாற்றம், தேர்ந்தெடுத்து வளர்த்தது. ஆனா சாம்பலா இருந்த ஒண்ணு பளிச்சுனு நீலமா மாறினா, அது அழகு இல்ல, நோய். இரிடோவைரஸ். உடம்புக்குள்ள வைரஸ் துகள்கள் படிகம் மாதிரி அடுக்கி நின்னு ஒளியை நீலமாத் திருப்புது. நமக்கு ஒட்டாது, ஆனா அது பிழைக்காது. செத்ததை மற்றவை தின்னா அவற்றுக்கும் தொற்றும். உடனே தனியா எடுத்துடுங்க.

6/ இணையத்துல பிரபலமான 'ரப்பர் டக்கி', வாத்து முகம் மாதிரி இருக்கும். தாய்லாந்து சுண்ணாம்புக்கல் குகைப் பகுதியைச் சேர்ந்தது. இனப்பெருக்கம் மெதுவு, விலை அதிகம். அப்போ காட்டிலிருந்தே அள்ளத்தான் ஆள் வருவாங்க.

7/ "தபால்ல வரவழைக்கலாமா?" 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பார்சலை சென்னையில் சுங்கத்துறை பிரிச்சாங்க. உள்ளே குப்பிகளில் உயிரோட 107 சிலந்திகள். அனுமதி இல்லாம உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்வது குற்றம். அலுத்துப்போய் வேகவதி ஆத்தங்கரையில் கொண்டுபோய் விட்டா இன்னும் மோசம். கூடவே புது நோயும் மண்ணுக்குள்ள போகும்.

8/ அதனால பூந்தொட்டிக்கு அடியில இருக்கிறதையே வளர்க்கட்டும். மூடியில் துளை போட்ட டப்பா, மண், காய்ஞ்ச மா இலை, கொஞ்சம் முட்டை ஓட்டுத் தூள். ஒரு பக்கம் மட்டும் ஈரம். வெயில் படாத இடம். தோல் உரிக்கும்போது பின்பாதி முதல்ல, சில நாள் கழிச்சு முன்பாதி. பாதி வெள்ளை, பாதி சாம்பலா திரியும். எந்த ரீல்ஸும் இதுக்கு ஈடாகாது. நோட்டுல தேதி போட்டு எழுதச் சொல்லுங்க.

9/ வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் வரிசையில நின்னு தொட்டுட்டு வர்றோம். வீட்டுல ஊர்ற சின்ன உயிரைப் பார்த்தா மட்டும் செருப்பைத் தேடுறோம். பிள்ளைங்களாவது வேற மாதிரி வளரட்டுமே.