முதற்பெண் என்னும் மாலை

ஒரு துறையிலே பெண்ணொருத்தி முதன்முதலாகக் காலடி வைத்துவிட்டால் போதும். 'முதற்பெண்' என்ற மாலையை அவள் கழுத்திலே சூட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று பத்திரிகைகள் ஓய்ந்துவிடுகின்றன. அத்தனை காலமும் பெண்கள் ஏன் வெளியே நிறுத்தப்பட்டனர் என்ற வினா எழுவதேயில்லை. ஆசிரியர்களாகிய நாமும் வகுப்பறையிலே அம்மாலையைத்தான் மாணவியருக்கு எடுத்துக்காட்டுகின்றோம். எதிர்க்கரையின் தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த நாம், அப்படங்களின் ஒளிப்பதிவுத் துறையையே சான்றாகக் கொண்டு இதனை ஆராய்தல் தகும்.

ஆசியாவின் முதற்பெண் ஒளிப்பதிவாளர் எனப் பலராலும் போற்றப்படுபவர் பி. ஆர். விஜயலட்சுமி. 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980) படத்துக்காக இந்திய தேசிய விருது பெற்ற அசோக்குமாரிடம் உதவியாளராயிருந்து தொழில் பயின்ற அவர், பாக்யராஜின் 'சின்ன வீடு' (1985) மூலம் தனித்த ஒளிப்பதிவாளரானார். இருபதுக்கு மேற்பட்ட படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். 1995இல் 'பாட்டுப் பாடவா' படத்தைத் தாமே இயக்கினார். பின்னர் தொலைக்காட்சித் துறையில் உழைத்த அவர், அடுத்த திரைப்படமான 'அபியும் அனுவும்' படத்தை இயக்கி வெளியிட்டது 2018இல். இடைப்பட்ட ஆண்டுகள் 23. மாலை சூட்டியோர் இந்த இடைவெளியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இவர் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961) ஆகிய படங்களைத் தந்த பி. ஆர். பந்துலுவின் மகள். தந்தையின் நிழலிலே வந்தவர் என்று இழித்துரைப்பது நம் நோக்கமன்று. தந்தை 1974இலேயே காலமானார், உழைப்பு முற்றிலும் மகளுடையது. ஆனால், படப்பிடிப்புத் தளம் அந்நியமல்லாத ஒரு வீட்டிலே பிறந்தவருக்கே அக்கதவு 1985இல்தான் திறந்ததென்றால், ஆலைத் தொழிலாளியின் மகளுக்கு அது எப்போது திறக்கும்?

கதவின் பூட்டு எங்கேயிருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். ஒளிப்பதிவு, ஏட்டை மட்டும் படித்துக் கற்கும் தொழிலன்று. ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, வில்லைகளைப் பேணி, ஒளியை அளந்து, ஆண்டுக்கணக்கிலே பழகியே அது கைவருகிறது. உதவியாளரைத் தெரிவதற்கு விளம்பரமோ பரீட்சையோ பெரும்பாலும் இல்லை. பழக்கமும் பரிந்துரையுமே தகுதிகள். ஊதியமோ சொற்பம். இரவுப் படப்பிடிப்பும் வெளியூர்த் தங்கலும் ஆண்களையே மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. வறுமையும் பெண்மையும் ஒருங்கே வாய்த்தவள் இந்த ஏணியின் முதற்படியிலேயே நின்றுவிடுகிறாள்.

'கமெரா பாரமானது, பெண்ணாற் சுமக்க முடியாது' என்பார் உளர். தமிழ்நாட்டின் கட்டட வேலைத்தலங்களிலே சித்தாள்களாகக் கல்லும் சாந்தும் சுமப்போர் யார்? கூலி குறைந்த இடத்திலே பெண்ணின் தோள் வலிமை யாருக்கும் ஐயமாய்த் தோன்றுவதில்லை. சினிமாவின் தொடக்க காலத்தையே பாருங்கள். பாரிஸ் நகரிலே எலிஸபெத் துய்யே என்பார் நடத்திய பட்டறையில் ஏறக்குறைய இருநூறு பெண்கள், மெலியே போன்றோரின் படச்சுருள்களுக்குத் தூரிகையால் வண்ணந் தீட்டினர். பெயரில்லாத கூலிகளாயிருந்தபோது பெண்களின் கண் நுட்பமானது. தளத்திலே கட்டளையிடும் பதவி என்றதும் அதே கண் தகுதியற்றதாயிற்று!

இது தமிழுலகின் குறை மட்டுமன்று. 1919இல் தோன்றிய அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் முதலாவது பெண்ணாக பிரியான் மர்பியைச் சேர்த்துக்கொண்டது 1980இல். 1929 முதல் வழங்கப்பட்டுவரும் ஒஸ்கார் ஒளிப்பதிவு விருதுக்கு ரேச்சல் மொரிசன் என்ற பெண் முதன்முதலாகப் பரிந்துரைக்கப்பட்டது 2018இல். செல்வங் கொழிக்கும் ஹொலிவூட்டின் நாகரிகமும் இவ்வளவே.

'ஒரு பெண் உள்ளே நுழைந்துவிட்டால் படங்களின் பார்வையே மாறிவிடும்' என நம்புவோருக்கும் ஒன்று கூறுவோம். 'சின்ன வீடு' பருத்த மனைவியை வெறுத்து வேறொருத்தியை நாடும் கணவனின் கதை. கமெரா பெண்ணின் கையிலிருந்தது. கதையும் பணமும் ஆணின் கையிலிருந்தன. தனியொருத்தியின் தலையிலே பெண்குலத்தின் பார்வை முழுவதையும் மாற்றும் சுமையை ஏற்றுவது நீதியன்று.

மாற்றம் எவ்வழியில் வரும் என்பதற்கும் சான்றுண்டு. 'குட்டி ஸ்ராங்க்' என்ற மலையாளப் படத்துக்காக, ஒளிப்பதிவுக்கான இந்திய தேசிய விருதை முதன்முதலாகப் பெற்ற பெண் அஞ்சுலி சுக்லா. அவர் புனேயிலுள்ள அரசாங்கத் திரைப்படக் கல்லூரியிலே பயின்றவர். பரீட்சையெழுதி நுழையக்கூடிய பொதுக் கல்லூரி, பரிந்துரையாலே திறக்கும் கதவைவிட நேர்மையானது. 2017இல் இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்கள் தமக்கெனக் கூட்டமைப்பொன்றை அமைத்தனர். தனித்தனியே கதவைத் தட்டியவர்கள் ஒன்றுகூடிய அந்நிகழ்ச்சி, நூறு பாராட்டு விழாக்களிலும் மேலானது.

ஆகவே நாம் வேண்டுவன இவை: உதவியாளர் தெரிவு பகிரங்கமாக நடைபெறல் வேண்டும், பயிலுங் காலத்திலும் வாழ்வதற்குப் போதிய ஊதியம் வேண்டும், தொழிற்சங்கங்கள் தளத்திலே பெண்ணின் பாதுகாப்பைத் தம் சொந்தக் கோரிக்கையாக ஏற்றல் வேண்டும். விஜயலட்சுமியின் கதையை மாணவியருக்குச் சொல்லுவோம்; ஆனால், அந்த 23 ஆண்டுகளையும் சேர்த்தே சொல்லுவோம். அப்பொழுதுதான் அவர்கள் மாலைக்குக் கழுத்தை நீட்டாமல், ஏணிக்காகக் குரல் கொடுப்பர்.