பெயர் இல்லாத சான்றிதழ்

எங்கள் நெல்லிக்குப்பத்துத் தெருவில் எதிர்வீட்டு அக்கா போன வாரம் தவித்த தவிப்பு! மகள் கணவரோடு அமெரிக்காவில். அங்கே இருந்தபடியே கிரீன் கார்டுக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, ஐ-485 மனு போடுகிறாளாம். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் "பெண்" என்று மட்டும் இருக்கிறது. பெயர் எழுதும் இடம் காலி! பேர் வைக்கும் முன்பே பதிந்ததோடு சரி, அப்புறம் யார் போனார்கள்?

இளம் தாய்மார்களே, பதிவான 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமே கிடையாது. 15 வருஷம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். இந்தப் பெண்ணுக்கோ வயது 29! பள்ளிச் சான்றிதழ், உறவினரின் உறுதிமொழிப் பத்திரம் என்று அலைகிறார்கள்.

தடுப்பூசி அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அங்கே மருத்துவப் பரிசோதனையில் தட்டம்மை ஊசிக்கு ஆதாரம் கேட்பார்கள். இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை, அல்லது மறுபடி ஊசி. நல்லவேளை, அதை மட்டும் பாட்டி புடவைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.