வருத்தக்காரர் சாப்பாடும் ஒரு பூக்கோவாவும்

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு. வழமைபோலப் பக்கங்களை அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மேசையில் மூடிவைத்திருந்த தட்டைத் திறந்தேன். சோற்றுக்குப் பக்கத்தில் ஆவியில் அவித்த பூக்கோவாத் துண்டுகள். மேலே சிறிது மிளகுத்தூள். ஓரமாக ஒரு பாதித் தேசிக்காய். குழம்பில்லை, பொரியலில்லை. அதற்கு முந்திய வாரம் எனது இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த வைத்தியர் உப்பையும் எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் குறைக்குமாறு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தூக்கம் வராமல் கதிரையில் அமர்ந்திருந்த என் தாயார் தட்டை எட்டிப் பார்த்தார். "உது வருத்தக்காரருக்குக் குடுக்கிற சாப்பாடெல்லோ தம்பி. உனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

அவருக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் கவலைப்படுவார் என்பதே காரணம். ஆனால் தட்டு காட்டிக் கொடுத்துவிட்டது. ஒன்றுமில்லை என்று சமாளித்துவிட்டு உண்ணத் தொடங்கினேன். அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. எண்ணெயில்லாமல், காரமில்லாமல், ஆவியில் அவித்த ஒரு மரக்கறியைக் கண்டதுமே ‘இந்த வீட்டில் யாருக்கோ நோய்’ என்று முடிவு செய்யும் அளவுக்கு நமது உணவுப் பழக்கம் எப்போது மாறியது? இந்தக் கேள்வியைத்தான் இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஆவியில் அவித்தல் நமக்கு அந்நியமான கலையன்று. பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியைப் பானையின் வாயில் பொருத்தி, ஆவி வெளியே போகாதவாறு சுற்றிவரத் துணி கட்டிப் பிட்டு அவித்த சமூகம் நாங்கள். இடியப்பம், கொழுக்கட்டை, இட்டலி எல்லாமே ஆவியின் பிள்ளைகள். ஆவி எப்போது போதும், எப்போது மிஞ்சும் என்பதை மணத்தை வைத்தே சொல்லக்கூடிய பெண்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். ஆயினும் இந்த அறிவு முழுவதையும் மாவுக்கு மட்டுமே ஒதுக்கிவிட்டோம். மரக்கறி என்று வந்தவுடன் நிறையத் தண்ணீரும், நிறைய நேரமும், நிறையத் தேங்காய்ப்பாலும் என்றாகிவிடுகிறது.

இதனால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மரக்கறி பூக்கோவாதான் என்பது எனது கருத்து. தமிழகத்தார் காலிஃபிளவர் என்று அழைக்கும் இது, கோவா, நோக்கோல், புரொக்கோலி ஆகியவற்றின் உடன்பிறப்பு. தாவரவியலாளர்கள் இவை அனைத்தையும் ஒரே இனமாகவே கருதுகின்றனர். நாம் உண்பது மலர்வதற்கு முன்னரே திரண்டுவிட்ட பூந்தண்டின் முனைகளை. நிறையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் அதிகம் நீர். நூறு கிராம் பச்சைப் பூக்கோவாவில் ஏறத்தாழ 48 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 45 மில்லிகிராம். ஆனால் விற்றமின் சி நீரில் கரையும், வெப்பத்தில் அழியும். நீரில் நீண்டநேரம் அவித்து, அந்த நீரை வடித்து ஊற்றிவிட்டுச் சமைப்பவர் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதியைக் கழுநீர்த் தொட்டிக்குத் தானம் செய்கிறார்.

யாழ்ப்பாணத்தில் எனது இளமைக்காலத்தில் பூக்கோவா அடிக்கடி காணக்கூடிய பொருளன்று. அது நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் லொறியில் வரவேண்டியது. 1990இல் யுத்தம் மீண்டும் வெடித்து ஏ-9 பாதை மூடப்பட்டபின், மலைநாட்டு மரக்கறி என்பது பேச்சில் மட்டுமே இருந்தது. 2002இல் பாதை திறந்தபோது, முதன்முறையாகப் பூக்கோவாவைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளைகளை நான் அறிவேன். அரிய பொருள் என்பதால் விருந்துக்குரிய பொருளாகவும் அது ஆயிற்று. விருந்துக்குரியதென்றால் எண்ணெயில் பொரிக்க வேண்டும், அல்லது தடித்த பாற்கறியாக்க வேண்டும் என்பது நமது எழுதாத சட்டம்.

அவித்தாலும் அது நன்றாக வருவதில்லை என்பது பலரின் முறைப்பாடு. மஞ்சளாகிறது, கூழாகிறது, வீடு முழுவதும் நாறுகிறது. இம்மூன்று முறைப்பாடுகளும் உண்மையே. இம்மூன்றுக்கும் காரணம் உண்டு. நான் கலைப்பட்டதாரி, விஞ்ஞானம் கற்றவனல்லன். எனினும் பத்திரிகைத் தொழில் கேட்டறியும் பழக்கத்தைத் தந்திருக்கிறது.

முதலில் நாற்றம். பூக்கோவாவில் கந்தகம் கலந்த சேர்வைகள் உள்ளன. சிறிது நேரம் மட்டும் வெந்தால் இவை இனிமையானதொரு மணத்தையே தருகின்றன. நேரம் கூடக்கூட இவை சிதைந்து ஐதரசன் சல்பைட்டு போன்ற வாயுக்களை வெளியிடுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் அதுவே. ஆகவே நாறுவது பூக்கோவாவன்று, நமது பொறுமையின்மையும் அன்று. மாறாக நமது அளவுமீறிய பொறுமை. இருபது நிமிடம் அடுப்பில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறோம்.

அடுத்தது மஞ்சள் நிறம். பூக்கோவாவின் வெண்மைக்குள் மறைந்திருக்கும் நிறப்பொருள் அமிலத்தில் வெண்மையாக இருக்கும். காரத்தன்மையுள்ள நீரில் மஞ்சளிக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். அதன் கிணற்று நீர் வன்னீர் என்பதைக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்த எவரும் அறிவர். அந்த நீரில் மூழ்கவைத்து அவித்த பூக்கோவா வெண்மையாக வெளிவரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆவியிலோ சுண்ணாம்பு இல்லை. நீர் கொதித்து ஆவியாகும்போது உப்புக்கள் பானையின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. நமது ஊருக்கு ஆவிச்சமையல் இரட்டிப்புப் பொருத்தம் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

கூழாவது நேரத்தின் குற்றம் மட்டுமன்று, நீரின் குற்றமும்கூட. பூவின் இடுக்குகள் பஞ்சைப்போல நீரைப் பிடித்துக்கொள்கின்றன. எவ்வளவு வடித்தாலும் அது போவதில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதல் இரண்டு தடவையும் நான் இதைக் கெடுத்தேன். ஒருமுறை கூழ், மறுமுறை வெளியே வெந்து உள்ளே பச்சை. அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகின்றேன்.

வாங்கும்போது இறுக்கமாகத் திரண்டு, கையில் கனமாக, பச்சை இலை வாடாமல் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூ பிரிந்து அரிசிமணிகள்போல உதிர்வது முற்றியது. இலேசான மஞ்சள் நிறம் வெயில் பட்டதன் அடையாளம், அதனால் கெடுதியில்லை. பூ வெண்மையாக இருப்பதற்காகவே விவசாயிகள் இலைகளை மடித்துப் பூவை மூடிக்கட்டுவதுண்டு. புழுக்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், உப்புக் கரைத்த நீரில் பூவைத் தலைகீழாகப் பத்து நிமிடம் அமிழ்த்தி வைத்து, பின்னர் ஓடும் நீரில் கழுவ வேண்டும்.

துண்டுகள் ஒரே அளவில் இருப்பது மிக முக்கியம். இரண்டு விரல் அகலம் போதுமானது. தடித்த காம்புகளை நெடுக்காகப் பிளந்துவிட வேண்டும். இல்லையேல் பூ கரைந்த பின்னரும் காம்பு வேகாது. நடுத்தண்டை எறியக்கூடாது. தோலைச் சீவி மெல்லிய வில்லைகளாக வெட்டி, பூவுக்கு இரண்டு நிமிடம் முன்னதாகப் போட்டால் அதுவே சுவையான பகுதி. இளம் இலைகளைச் சுண்டி வறை செய்யலாம்.

பாத்திரத்தில் இரண்டு கோப்பை நீர் போதும். தட்டை அது தொடக்கூடாது. நீர் நன்றாகக் கொதித்து ஆவி வேகமாக எழுந்த பின்னரே பூக்கோவாவை வைக்க வேண்டும். எங்கள் வீடுகளில் நடக்கும் பெரும்பிழை, குளிர்ந்த நீரின்மேல் தட்டை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பது. அப்போது நேரத்தைக் கணிக்க வழியில்லை. ஆவிக்குள் இருக்கும் வெப்பத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். ஒரு கிராம் நீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைவரை சூடாக்கத் தேவையான வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் ஒரு கிராம் ஆவி, குளிர்ந்த துண்டின்மேல் படிந்து நீராகும்போது வெளியிடுகிறது. ஆகவே காம்பு கீழாகவும் பூ மேலாகவும், ஆவி ஊடுருவ இடைவெளி விட்டு, ஒரே அடுக்காக அடுக்குங்கள். குவித்தால் கெட்டது.

மூடிக்கு உட்புறமாக ஒரு துணியைக் கட்டிவிட்டால், மூடியில் படியும் நீர் பூவின்மேல் சொட்டாது. துணியின் நுனி அடுப்பின் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளவும். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு காம்பைக் கத்திநுனியால் குத்திப் பாருங்கள். சிறிய எதிர்ப்புடன் இறங்கினால் இறக்கிவிடலாம். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடங்கள். இறக்கியதும் உடனே அகன்ற தட்டில் பரப்ப வேண்டும். மூடிவைத்தால் தன் சூட்டிலேயே அது மேலும் வெந்து கூழாகிவிடும். நான் முதல்முறை கெடுத்தது இப்படித்தான்.

உப்பையும் தேசிப்புளியையும் கடைசியிலேயே சேர்க்க வேண்டும். புளி முன்னரே சேர்ந்தால் காம்பு மென்மையாவது தாமதமாகும். மேலே தூவிய உப்பு நாவில் நேராகப் படுவதால் குறைந்த அளவே போதுமாகிறது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. நமது வீடுகளில் ஒரு வேளைக் குழம்பும் கருவாடும் ஊறுகாயும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டிவிடுவது கடினமன்று.

வெறும் உப்பும் மிளகும் பிடிக்காதவர்கள், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, சிறிது உள்ளி தாளித்து மேலே கொட்டலாம். தேங்காய்ப்பூ சேர்த்து வறையாக்கலாம். குழம்பேதான் வேண்டும் என்பவர்கள் குழம்பைத் தனியாக வைத்து, அவித்த பூக்கோவாவை இறக்கும் தறுவாயில் சேர்க்கட்டும். நமது நாக்கைத் துறக்கச் சொல்லி இங்கு எவரும் கேட்கவில்லை.

இந்த முறையில் எரிபொருளும் மிச்சம். 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற இந்நாட்டு மக்களுக்கு, பத்து நிமிடத்தில் முடியும் சமையலின் பெறுமதியை எவரும் விளக்கவேண்டியதில்லை. புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ரைஸ் குக்கரோடு துளையிட்ட தட்டொன்று வந்திருக்கும். அலுமாரியின் மூலையில் கிடக்கும் அதை வெளியே எடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பூக்கோவா புற்றுநோயைக் குணமாக்கும் என்றெல்லாம் இணையத்தில் சுற்றும் செய்திகளை நம்பவேண்டாம். இது ஒரு நல்ல மரக்கறி, மருந்தன்று. அதேபோல், சிறுநீரக நோயினால் பொட்டாசியத்தைக் குறைக்குமாறு கூறப்பட்டவர்களுக்கு ஆவிமுறை பொருந்தாது. நீரில் அவித்து வடிப்பதால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி வெளியேறும்; ஆவியில் அது உள்ளேயே தங்கிவிடும். அத்தகையோர் தமது வைத்தியரின் ஆலோசனையையே பின்பற்ற வேண்டும்.

இதிலே ஒரு முரண் தெரிகிறதல்லவா? என் தாயார் ‘வருத்தக்காரர் சாப்பாடு’ என்று சொன்னது எல்லா வருத்தக்காரருக்கும் உரியதுமன்று. உண்மையில் அது சுகமாக இருப்பவரின் சாப்பாடு. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் இல்லாத குடும்பம் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது இன்று கடினமாகிவிட்டது. நாற்பது வயதுவரை நாக்குக்காக உண்டுவிட்டு, ஐம்பதில் அறிக்கை வந்தபின் ஆவியைத் தேடுகிறோம். அப்போது அது தண்டனையாகத் தோன்றுகிறது. தண்டனையாகத் தோன்றும் எதையும் மனிதர் நெடுநாள் கடைப்பிடிப்பதில்லை. வைத்தியர் சொல்லி மூன்று மாதம், பிறகு பழைய குழம்பு. என் சக பத்திரிகையாளர்கள் சிலரைத் தட்டில் இதே பயணத்தைச் செய்து பாதி வழியில் இழந்திருக்கிறேன்.

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. வீட்டில் எவருக்கும் நோயில்லாத ஒரு நாளில், பிள்ளைகளும் உடனிருந்து உண்ணும் ஒரு நேரத்தில், இதைச் சமைத்து நடுமேசையில் வையுங்கள். பத்தியமாக ஒருவருக்கு மட்டும் தனித்தட்டில் வைக்காதீர்கள். சமைப்பவர் எப்போதும் பெண்ணாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய, கத்தி பிடிக்கத் தெரியாத ஒரு பத்திரிகைக்காரன் மூன்றாவது முயற்சியில் கற்றுக்கொண்ட வேலை இது.

அந்த மூன்றாவது முயற்சியின்போது என் தாயாரிடம் பரிசோதனை அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மென்றுவிட்டு, "அவியல் பதம் சரிதான். ஆனால் மூடியை இன்னும் கொஞ்சம் முன்னமே திறந்திருக்கலாம்" என்றார். அறுபது ஆண்டுகளாகப் பிட்டு அவித்தவரின் தீர்ப்பு அது. இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் எங்கள் வீட்டில் எல்லோருக்குமாகப் பூக்கோவா அவிகிறது. மூடியை எப்போது திறப்பது என்பதை அவரே சொல்கிறார்.