மரணச் சான்றிதழில் எழுதப்படாத காரணம்: காலநிலை மாற்றமும் மருத்துவர்களின் குரலும்

2024 டிசெம்பர் மாதம். யாழ்ப்பாணத்தில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நாட்கள். பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒரு செய்தி பரவியது: "மர்மக் காய்ச்சல்." காய்ச்சல் வந்து சில நாட்களுக்குள் மூச்சுத்திணறி ஆட்கள் இறக்கிறார்கள் என்றார்கள். கொரோனா திரும்பிவிட்டது என்று சிலர் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார்கள். அந்தச் சொல்லை நானும் ஒரு செய்தியின் தலைப்பில் எழுதினேன்.

எனது தாய்மாமன் வடமராட்சியில் நெல் விதைப்பவர். தேங்கி நின்ற வெள்ளத்துக்குள் இறங்கி வரம்பை வெட்டித் தண்ணீரைக் கடத்திவிட்டு வந்த சில நாட்களில் அவருக்கும் காய்ச்சல் பிடித்தது. "மழையில நனைஞ்ச காய்ச்சல்தானே மோனை, ரெண்டு பனடோல் போட்டாச் சரிவரும்" என்றார். மாமி விடவில்லை. ஆளை ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்.

அந்த வாரத்துக்குள்ளேயே மர்மம் தீர்ந்தது. அது லெப்டோஸ்பைரோசிஸ், நாங்கள் சொல்லும் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் வெறுங்காலுடன் நிற்பவர்களைப் பிடிக்கும் நோய். குடாநாட்டில் குறைந்தது 7 பேர் இறந்த பிறகு, வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்ளின் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. நோய்க்குப் பெயர் தெரிந்ததும் மருந்து வந்தது.

மாமா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு விடும் நாளில் அவர் இளம் வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "முந்தியும்தானே மாரி வந்தது டொக்டர். இப்ப ஏன் ஒரு மாச மழை ரெண்டு நாளில கொட்டுது?" வைத்தியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, அது எங்கட டிப்பார்ட்மென்ட் இல்லை."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க நோயாளர் விடுதியில் நின்று களைத்தவரின் பதில் அது. ஆனால் "இது எங்கட டிப்பார்ட்மென்ட்தான்" என்று சொல்லி உலகின் பல பகுதிகளில் மருத்துவர்களும் தாதியரும் அமைப்பாகத் திரளத் தொடங்கிச் சில காலம் ஆகிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள், அதிலிருந்து போரைக் கடந்து வந்த எங்களுக்கு என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

இலண்டனின் தென்கிழக்கே, வாகனங்கள் ஓயாமல் ஓடும் ஒரு வீதிக்கு அருகில் வாழ்ந்த எல்லா கிஸ்ஸி டெப்ரா என்ற சிறுமி 2013 பெப்ரவரியில் இறந்தாள். வயது 9. கடுமையான ஆஸ்துமாவால் மூன்று வருடங்களுக்குள் ஏறத்தாழ 30 தடவைகள் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவள். 2014இல் நடந்த மரண விசாரணை, ஆஸ்துமாவால் ஏற்பட்ட சுவாச முடக்கம் என்று முடித்துக்கொண்டது. அவளுடைய தாய் ரோசமண்ட் அதை ஏற்கவில்லை. சுவாசநோய்ப் பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், சிறுமியின் வைத்தியசாலை அனுமதிகளையும் வீட்டுக்கு அருகில் பதிவான காற்று மாசின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அறிக்கை எழுதினார். பழைய தீர்ப்பு இரத்தானது. 2020 டிசெம்பரில் இரண்டாவது விசாரணை முடிந்தபோது, மரணத்துக்கான காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசு எழுதப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் அவ்வாறு எழுதப்பட்ட முதல் மரணம் அது.

அந்த மரண விசாரணை அதிகாரி பின்னர் அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இன்னொன்றையும் குறிப்பிட்டார்: காற்று மாசின் ஆபத்தை மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளுக்குப் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு தாள், அதில் ஒரு வரி. அதன் பெறுமதியை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் மரணச் சான்றிதழை ஏன் வாங்க மறுக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று எழுதாத தாள் ஒரு கணக்கை மூடிவிடும். வெப்பத்தாலும் வெள்ளத்தாலும் வரும் சாவுகளிலும் அதே ஆபத்து இருக்கிறது. தாளில் மாரடைப்பு இருக்கும், காய்ச்சல் இருக்கும், அதைக் கொண்டுவந்தது இருக்காது. 2030க்கும் 2050க்கும் இடையில் ஊட்டக்குறைவு, மலேரியா, வயிற்றோட்டம், வெப்பத் தாக்கம் ஆகியவற்றின் ஊடாகக் காலநிலை மாற்றம் ஆண்டுக்கு மேலதிகமாக 2,50,000 பேரைக் கொல்லும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பட்டியலில் இருப்பவை எல்லாம் பழைய நோய்கள். அதனால்தான் மருத்துவர்கள் வாய் திறக்காவிட்டால் இந்தக் கணக்கு வெளியே வராது.

மருத்துவர்கள் இப்படித் திரள்வது புதிதல்ல. 1980இல், பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்க இருதய வைத்தியர் பேர்னார்ட் லௌனும் சோவியத் இருதய வைத்தியர் யெவ்கேனி சாசோவும் சேர்ந்து அணுவாயுதப் போருக்கு எதிரான மருத்துவர்களின் சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். அணுகுண்டு விழுந்தால் எந்த வைத்தியசாலையாலும் எதுவும் செய்ய முடியாது, ஆகவே தடுப்பது மட்டுமே மருத்துவம் என்பது அவர்களது வாதம். 1985இல் அந்த அமைப்புக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எதிரி நாடுகளின் வைத்தியர்கள் ஒரே மேசையில் இருந்தது எங்களுக்கு அந்நியமான காட்சியல்ல. போர் நடந்துகொண்டிருந்த 1990களில், குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து கொடுப்பதற்காக இங்கேயும் துப்பாக்கிகள் சில நாட்கள் மௌனமாகின. மலேரியா ஒழிப்பு ஊழியர்கள் இரு தரப்புப் பகுதிகளிலும் வேலை செய்தார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதில் அந்த ஊழியர்களுக்கும் பங்குண்டு.

புகைத்தல் இன்னொரு பாடம். புகைத்தலின் தீங்கு குறித்து இலண்டன் றோயல் மருத்துவர் கல்லூரி 1962இல் அறிக்கை வெளியிட்டது. சிகரெட் கம்பனிகள் மறுத்தன, சந்தேகம் கிளப்பின, காலம் கடத்தின. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே வழியைத்தான் இப்போது நிலக்கரி, பெற்றோலியம், எரிவாயு தொடர்பில் சுகாதாரத் துறையினர் பின்பற்றுகிறார்கள். 2021 செப்டெம்பரில் 200க்கும் மேற்பட்ட மருத்துவச் சஞ்சிகைகள் ஒரே ஆசிரியர் தலையங்கத்தை ஒரே நேரத்தில் வெளியிட்டன. அடுத்த மாதம், கிளாஸ்கோ மாநாட்டுக்கு முன்னர், 4 கோடியே 50 இலட்சம் சுகாதாரப் பணியாளர்களைப் பிரதிநிதித்துவம் செய்யும் அமைப்புகள் அரசாங்கத் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் ஏறத்தாழ 200 சுகாதார அமைப்புகளும், இந்த எரிபொருட்களைப் படிப்படியாக நிறுத்தப் புகையிலை உடன்படிக்கையைப் போன்ற ஒன்று வேண்டும் என்றன.

கடிதங்களால் என்ன நடந்தது என்று கேட்பது நியாயம். 2023 டிசெம்பர் 3ஆம் திகதி, துபாய் மாநாட்டில் முதன்முறையாகச் "சுகாதார நாள்" ஒதுக்கப்பட்டது. அந்த மாநாட்டின் தலைவரோ ஓர் எண்ணெய்க் கம்பனியின் தலைவர். இறுதி ஆவணம் இந்த எரிபொருட்களிலிருந்து "விலகிச் செல்வது" பற்றிப் பேசியது. முற்றாக நிறுத்துவது என்ற சொல் வரவில்லை. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 30 வருடங்களாக அந்த மாநாடுகள் பெரும்பாலும் பெயர் சொல்லாமல் தவிர்த்த பொருளிலிருந்து விலகும் பேச்சு ஆவணத்தில் ஏறியது.

தனியாகப் பேசுபவர்களுக்கு விலையும் உண்டு. பேர்மிங்ஹாமைச் சேர்ந்த குடும்ப வைத்தியர் சாரா பென், எண்ணெய்க் களஞ்சியம் ஒன்றின் முன் அமைதியான போராட்டத்தில் கலந்துகொண்டு நீதிமன்றத் தடையுத்தரவை மீறியதற்காகச் சிறை சென்றார். 2024 ஏப்ரலில் மருத்துவத் தீர்ப்பாயம் அவரது பதிவை 5 மாதங்களுக்கு இடைநிறுத்தியது. நோயாளி எவருக்கும் தீங்கு செய்ததாக அவர்மீது குற்றச்சாட்டு இல்லை. பிரித்தானிய மருத்துவர் சங்கம் அந்த முடிவை வெளிப்படையாக விமர்சித்தது.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு வேறு வைத்தியர்கள் நினைவுக்கு வருவார்கள். 2009இல் வன்னியில், பாடசாலைக் கட்டடங்களில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளிலிருந்து காயப்பட்டவர்களையும் இறந்தவர்களையும் எண்ணி உலகத்துக்குச் சொன்னவர்கள் அரச வைத்தியர்கள். மே மாதத்தில் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். ஜூலையில், தடுப்பில் இருந்த நிலையிலேயே ஊடகங்கள் முன் அமர்த்தப்பட்டு, முன்னர் சொன்ன எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று கூறினார்கள். அதையும் பேர்மிங்ஹாமில் நடந்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இரண்டிலும் தெரிவது ஒன்று: வைத்தியர் எண்ணுகிறார் என்பதே அதிகாரத்துக்குச் சிக்கல். அந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் வைத்தியர்கள் தலையைக் குனிந்து நோயாளியை மட்டும் பார்ப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். அரச ஊழியர் அனுமதியின்றி ஊடகங்களுக்குப் பேசுவதைத் தாபன விதிக்கோவையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஒருவரைத் தனியே முன்னால் தள்ளிவிட்டுக் கைதட்டுவது சரியல்ல. சங்கமாக, துறையாக, பீடமாகப் பேச வேண்டியிருக்கிறது.

எங்களிடம் ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது. எலிக்காய்ச்சலும் டெங்குவும் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்கள். வைத்தியசாலையிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் போகிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருகிறார், தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் அறிக்கை வெளியிடுகிறது. ஆனால் அந்த வாராந்த அறிக்கை வருவது ஆங்கிலத்தில். வெள்ளத்தில் நிற்கும் விவசாயிக்கு அது எட்டாது.

வெப்பத்துக்கு அதுவும் இல்லை. 2024இன் முதல் மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் மீண்டும் மீண்டும் வெப்ப எச்சரிக்கை விடுத்தது. ஆனால் வெப்பத் தாக்கம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இல்லை. வீட்டில் நிகழும் இயற்கை மரணங்களில் காரணத்தைப் பதிபவர் பெரும்பாலும் மருத்துவம் படிக்காத பதிவாளர். வீட்டார் சொல்வதைக் கேட்டு எழுதுகிறார். மீள்குடியேறிய காலத்திலிருந்து தகரக் கூரைக்குக் கீழே வாழும் ஒரு முதியவர் ஏப்ரல் மதியத்தில் இறந்தால், தாளில் மாரடைப்பு என்று வரும். கூரை எங்கும் பதிவாகாது.

யார் அளக்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சுன்னாகம் எங்களுக்குக் காட்டியது. டீசல் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, ஆய்வறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. சனம் எதை நம்புவது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று தெரியாமல் நின்றது. 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

எங்கள் ஒரு ஆளுக்கான கரியமில வாயு வெளியேற்றம் உலக சராசரியில் ஏறக்குறைய கால்வாசிதான், பிறகு நாங்கள் ஏன் குரல் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பவர்தான் சாட்சியத்தைச் சேர்க்க வேண்டியவர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மலையகத்தில் மண்சரிவுகள் வீடுகளை ஆட்களோடு மூடின. அதற்கு நட்டஈடு கேட்டு நாளை எந்தச் சபைக்குப் போனாலும், முதலில் கேட்கப்போவது ஆவணம். எங்களுக்கு அந்தக் கேள்வி பழகியது.

வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது இதையும் அவர்கள் தலையில் ஏற்றுவதா என்பதும் நியாயமான கேள்வி. அதனால் பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு வாரியாக, வாராந்த நோய் எண்ணிக்கையும் அந்த வார மழையும் வெப்பமும் தமிழில் ஒரே பக்கத்தில் வரட்டும். வெப்ப நாட்களில் நிகழும் மரணங்களில், இறந்தவர் எங்கே இருந்தார், என்ன வேலை செய்தார் என்று இரண்டு கேள்விகள் கேட்டுப் பதியப்படட்டும். வைத்தியர்களோடு தாதியரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பொதுவில் வைக்கட்டும். 1978இல் தொடங்கி, போர்க்காலத்திலும் வைத்தியர்களை உருவாக்கிய மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பேசுபவர் தனித்துவிடாமல் பார்ப்பது ஊடகங்களினதும் வாசகர்களினதும் வேலை.

ஊடகக் கற்கைநெறியின் முதல் வருடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தது: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. செய்தியைச் சுருக்கும்போது நாங்கள் முதலில் வெட்டுவது "ஏன்" என்பதை. "மர்மக் காய்ச்சல்" என்று தலைப்புப் போட்ட நாளில் நான் செய்ததும் அதைத்தான்.

மாமா இப்போது முழங்கால்வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார். மழை இருட்டினால் மாத்திரை இருக்கிறதா என்று மாமி பார்க்கிறார். வைத்தியசாலையில் கேட்ட கேள்வியை அவர் இன்னும் விடவில்லை. சென்ற மாரியில் வரம்பில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "அந்த டொக்டர் தம்பி தன்ர டிப்பார்ட்மென்ட் இல்லையெண்டு சொன்னவரல்லோ. அப்ப அது ஆற்றை டிப்பார்ட்மென்ட் மோனை?"