நாலு ஓமும் எட்டு ஓமும்



ஹைதராபாத் ஹப்சிகுடாவிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். குடும்பத்தோடு பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலுக்குக் காரில் போய்வருபவர். போகும் வழியெல்லாம் பஜனைப் பாட்டுதான். கம்பெனி பொருத்திக் கொடுத்த டோர் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி நன்றாகக் கேட்கிறது, ஜால்ராதான் காதுக்கு வந்து சேரவில்லை என்பது அவர் குறை. உச்ச ஒலிக்கென்று ஒரு ஜோடி ட்வீட்டர் வாங்கிவிட்டார். உறையில் 8 ஓம் என்றிருக்கிறது; கதவில் இருப்பதோ 4 ஓம். “ரெண்டும் சேராது சார், ஸ்டீரியோ போயிடும், தனியா ஆம்ப் போடுங்க” என்றாராம் கடைக்காரர். ஆம்ப் விலையைச் சொன்னதும் வீட்டில் பேச்சு அதோடு நின்றுவிட்டதாம்!

கடைக்காரர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. பெரும்பாலான கார் ஸ்டீரியோக்கள் சேனலுக்கு 4 ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஓம், அதாவது மின்தடை, குறைந்தால் மின்னோட்டம் கூடும், ஸ்டீரியோவின் ஐசி சூடேறும். ஒரு 4 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கோத்தால் மொத்தம் 2 ஓம்தான். அதைச் செய்யவே கூடாது. நாலும் எட்டும் இணைந்தால் 2.67.

ஆனால் ட்வீட்டர் வயரில் கோத்திருக்கும் கெப்பாசிட்டரை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. தாழ்ந்த ஒலிகளை அது மறித்துவிடும். பாட்டின் பலமெல்லாம் பேஸிலும் குரலிலும்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ட்வீட்டர் என்று ஒன்று இருப்பதே ஸ்டீரியோவுக்குத் தெரியாது. உச்ச ஒலிகளுக்குப் போகும்போதோ டோர் ஸ்பீக்கரின் காயில் 4 ஓமில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். ஆகவே 2.67 என்பது பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும் எண். கதவில் இருப்பது நடுவில் குட்டி ட்வீட்டர் வைத்த கோஆக்சியல் என்றால், அந்தக் குட்டியும் உச்ச ஒலிகளில் சேர்ந்துகொள்ளும் என்பதால், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நிஜமான பொருத்தம் பார்க்க வேண்டியது ட்வீட்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் இடையில்தான். 4 ஓம் ட்வீட்டரோடு 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் ஏறத்தாழ 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் பாடும். அதே கெப்பாசிட்டரை 8 ஓம் ட்வீட்டரில் மாட்டினால் எல்லை 2000-க்கு இறங்கிவிடும்; அவ்வளவு பாரத்தைச் சின்ன ட்வீட்டர் தாங்காது, கரகரக்கும், ஒருநாள் எரிந்தும் போகும். 8 ஓமுக்கு 4.7 மைக்ரோ ஃபாரட் சரியாக வரும். கழித்தல் குறி போட்ட சாதாரணக் கெப்பாசிட்டர் உதவாது, நான்-போலார் என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரே வோல்டேஜில் 8 ஓம் ட்வீட்டருக்கு 4 ஓமைப் போலப் பாதி வாட்தான் போகும், 3 டெசிபல் குறையும். கார் ட்வீட்டர்கள் பொதுவாகவே காதைக் குத்தும் ரகம் என்பதால் இது நஷ்டமில்லை.

பேச்சோடு பேச்சாக ஒன்று: ஸ்டீரியோ பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று அச்சிட்டிருப்பார்கள். வண்டி ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பிசிறில்லாமல் 26 வாட்டைத் தாண்டித் தர சாதாரண ஸ்டீரியோவுக்கு வழியே இல்லை. அந்த ஐம்பதை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள்.

ஹப்சிகுடா வாசகரின் பேட்டைக்கு ஓம் கணக்கு அந்நியமில்லை என்பது இன்னொரு வேடிக்கை. 1961-ல் தொடங்கிய தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. நிலத்தின் அதிர்வைப் பிடிக்க அந்தத் துறையினர் புதைக்கும் ஜியோஃபோனும் காந்தமும் காயிலும்தான். ஸ்பீக்கரின் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. அதன் ஆட்டத்தை அடக்கக் காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை வைப்பார்கள். அங்கேயும் எத்தனை ஓம் என்பதுதான் கேள்வி.

மறுபடி ட்வீட்டருக்கு வருவோம்: அதைக் கண்ணாடி மூலையில், காதைப் பார்த்தபடி வையுங்கள். உச்ச ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். காலடியில் வைத்தால் முழங்கால்தான் கேட்கும்.

ஹப்சிகுடா அன்பரே, ஆம்ப் வேண்டாம். ட்வீட்டர் வயரில் ஏற்கெனவே என்ன கெப்பாசிட்டர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 4.7 இல்லையென்றால் கோட்டி குஜராத்தி கல்லியில் இரண்டு வாங்கி மாற்றுங்கள். ஜால்ரா வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்