ஆபிஸ் ‘ஸ்டெப் சேலஞ்ச்’: 10,000 எங்கிருந்து வந்தது?

புவனகிரியிலிருந்து பஸ் பிடித்து சிதம்பரம் போய், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவரிடம் ஆபிஸ் சொல்கிறது: “தினமும் 10,000 ஸ்டெப்ஸ்!” இது டாக்டர் சொன்ன கணக்கு இல்லைங்க. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கேய்’ என்ற கருவியின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்றுதான் அர்த்தம். அதாவது, விளம்பரம்!

அமெரிக்காவில் வயதான பெண்களிடம் ஐ-மின் லீ குழு நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. தினமும் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. இளைஞர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் லீடர்போர்டில் முதல் மூன்று பேருக்குப் பரிசு என்றால், அது ஏற்கெனவே நடக்கிறவருக்குத்தான் போகும். 2,500-ல் இருந்து 4,500-க்கு வந்தவருக்குக் கொடுங்கள். கூடவே, வேலை நேரத்திலேயே 15 நிமிடமும் கொடுங்கள். வெயிலில் வேண்டாம், வராண்டா போதும்.